வாயுவை அளக்கும் முன் வெப்பமானியைப் பார்

அன்புள்ள கயல்விழி,

“மைக்ரோவேவ் பட்டதும் வாயு இருமடங்கு வந்தது சார், குழாயில் நானே பார்த்தேன்” என்று எழுதியிருந்தாய். நீரின் மின்னாற்பகுப்பைப் பற்றிக் கண்காட்சியில் உனக்குச் சொல்லப்பட்ட விளக்கம்தான் என்னைச் சங்கடப்படுத்துகிறது. 2.45 கிகாஹெர்ட்ஸ் நீரின் ஒத்ததிர்வு அதிர்வெண்ணாம், அதனால் பிணைப்பு தளர்ந்துவிடுமாம். இதை எத்தனை பேர்தான் திருப்பித் திருப்பிச் சொல்வார்கள்! அந்த அலையின் ஒரு ஃபோட்டானில் இருக்கும் ஆற்றல் ஓர் எலக்ட்ரான் வோல்ட்டில் லட்சத்தில் ஒரு பங்கு. நீரில் முதல் ஹைட்ரஜனைப் பிரிக்க ஐந்து எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் வேண்டும். மைக்ரோவேவ் நீர் மூலக்கூறுகளைத் திருப்பிப் புரட்டிச் சூடாக்கும். அதற்கு மேல் எதுவுமில்லை.

அப்படியானால் குழாயில் நீ கண்டது? வாயு வந்தது உண்மை. அதில் ஹைட்ரஜன் எவ்வளவு என்று யார் கேட்டார்கள்? ஃபாரடே 1834-லேயே தீர்த்துவைத்த கணக்கு இது. ஒரு கிராம் ஹைட்ரஜனுக்கு 26.6 ஆம்பியர்-மணி மின்னூட்டம் போயாக வேண்டும். அம்மீட்டரின் முள் அசையாமல் வாயு மட்டும் கூடினால், கூடியது ஹைட்ரஜன் அல்ல. கணக்கைப் போட்டுப் பார். 80 டிகிரியில் நீராவியின் அழுத்தம் 355 மில்லிமீட்டர் பாதரசம். வளிமண்டல அழுத்தமான 760-இல் அது போக ஹைட்ரஜனுக்கு மிஞ்சுவது 405. 25 டிகிரியில் நீராவிக்கு 24 போதும், ஹைட்ரஜனுக்கு 736 கிடைக்கும். வெப்பத்தால் வாயு விரிவதையும் சேர்த்துக்கொள். அதே அளவு ஹைட்ரஜன், சூடான குழாயில் இரண்டு மடங்குக்கும் சற்று அதிகமான இடத்தை அடைத்துக்கொள்ளும். நீ பார்த்த இருமடங்கு இதுவாகத்தான் இருக்கும். குழாயை அறை வெப்பநிலைக்கு ஆறவிட்டு அளந்தார்களா என்று போய்க் கேள்.

மின்னாற்பகுப்பின் செயல்திறன் என்பது வோல்ட்டில்தான் இருக்கிறது. கோட்பாட்டளவில் 1.23 வோல்ட் போதும். வெளியிலிருந்து வெப்பம் வாங்காமல் ஓட 1.48 வேண்டும். நடைமுறைக் கலங்கள் 1.8, 2 வோல்ட் வரை கேட்கின்றன. மிகுதி வெப்பமாகப் போகிறது. சூடேற்றினால் பலன் உண்டு, மறுக்கவில்லை. 80 டிகிரியில் அந்த 1.23 என்பது 1.18 ஆகிறது, ஆக்சிஜன் உண்டாகும் மின்முனையில் வினையின் தயக்கமும் குறைகிறது. ஆனால் ஏற்கெனவே வீண்வெப்பம் கொட்டும் கலத்துக்கு மைக்ரோவேவை உண்டாக்கும் மேக்னட்ரான் வைத்து வெப்பம் கொடுப்பது, பெருகி ஓடும் கிணற்றுக்கு லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றுவது போல. அந்த மேக்னட்ரானும் சுவரிலிருந்து இழுக்கும் மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்கையாவது தன்னிடமே வெப்பமாக்கிவிடும். கலத்தின் மின்சாரத்தை மட்டும் கணக்கில் காட்டி, அடுப்பின் மீட்டரை மறைப்பவர்களை நான் மன்னிக்கத் தயாரில்லை.

இதற்காக மைக்ரோவேவையே ஒதுக்கிவிடாதே. ஆக்ஸ்ஃபோர்டில் காம்ப்டன், மார்க்கன் என்ற மின்வேதியியலாளர்கள் 1990-களில் மெல்லிய பிளாட்டினக் கம்பியின் நுனியில் அலையைக் குவித்தார்கள். கரைசல் முழுவதும் அல்ல, நுனியை ஒட்டிய துளிப் பகுதி மட்டும் கொதிநிலையைத் தாண்டிச் சூடாகியது. என் நம்பிக்கை முழுவதும் அங்கேதான். மின்முனையில் ஒட்டிக்கொண்டு பரப்பை மறைக்கும் குமிழிகள் அந்தச் சூட்டில் சீக்கிரம் கழன்றுவிடும் என்று நினைக்கிறேன். 2020-இல் ஸ்பெயினின் வலென்சியாவில் வேறு வழி பிடித்தார்கள். கடோலினியம் கலந்த சீரியம் ஆக்சைடை மைக்ரோவேவில் வைத்து, 250 டிகிரிக்கும் கீழேயே அதன் ஆக்சிஜனைக் கழற்றி, பிறகு நீராவியைச் செலுத்தி ஹைட்ரஜன் எடுத்தார்கள். அதில் மின்முனையே கிடையாது.

நீ செய்ய வேண்டியது ஒன்று. ஒரே பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல், ஒரே மின்னோட்டம், ஒரே வெப்பநிலை. ஒரு முறை வெந்நீர்த் தொட்டியில், ஒரு முறை மைக்ரோவேவில். வோல்ட்டில் வேறுபாடு தெரிந்தால் மட்டும் எனக்கு எழுது. வீட்டு மைக்ரோவேவ் அடுப்பைத் தொடாதே. உள்ளே உலோகக் கம்பி பொறி விடும். காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு ஹைட்ரஜன் இருந்தாலே பற்றிக்கொள்ளும். மைக்ரோவேவ் கசிவை அளக்கும் கருவியும் புகைபோக்கிப் பெட்டியும் உள்ள ஆய்வகத்தில், உன் பேராசிரியர் கூட இருக்கும்போது செய்.

அன்புடன்,
உன் பழைய வேதியியல் ஆசிரியர்