பின்னோக்கிச் செல்லும் வண்டிக்கு ஒரு கண்

நமது கரிசற் சீமையில் தை, மாசி மாதங்கள் பிறந்துவிட்டால் களங்களில் இடமிராது. உளுந்தும் பாசிப்பயறும் மக்காச்சோளமும் வந்து குவியும். அவற்றையடுத்து மிளகாய் வற்றல் காயும். பாஞ்சாலங்குறிச்சி, ஓட்டப்பிடாரம் வட்டாரத்தில் இச்சரக்குகளையும், நெசவாளரின் நூற்சிப்பங்களையும் துணிக்கட்டுகளையும் ஏற்றிச் செல்பவை பெரும்பாலும் பழைய பிக்கப் வண்டிகளே. களத்தினுள் வண்டி பின்னோக்கித்தான் வரவேண்டியிருக்கிறது. நண்பகலில் நிற்கும் வண்டியின் நிழலில் குழந்தைகள் அமர்ந்து விளையாடுவதையும், வற்றல் கிண்டும் முதியோர் குனிந்தவாறே பின்புறம் நகர்வதையும் நாம் நாள்தோறும் காண்கிறோம். ஓட்டுநரின் இரு பக்கக் கண்ணாடிகளிலும் இவர்கள் தென்படுவதில்லை. ஆதலின், வண்டியின் பின்புறத்தில் காமிரா பொருத்தும் முறையை இப்பாடத்தில் ஆராய்வோம்.

சட்டம் கூறுவது

அமெரிக்காவில் தந்தையே பின்னோக்கி ஓட்டிய வண்டியில் சிக்கி 2002-ஆம் ஆண்டில் ஒரு குழந்தை இறந்தது. அதன் பெயராலேயே 2008-இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அதன் பயனாக 2018 மே முதல் அந்நாட்டில் விற்கப்படும் புதிய கார்கள், பிக்கப்கள் அனைத்திலும் பின்காமிரா கட்டாயமாயிற்று. வண்டிக்குப் பின்னால் 10 அடி அகலமும் 20 அடி நீளமும் கொண்ட நிலப்பரப்பு திரையில் தெரியவேண்டும் என்பது விதி. நம் நாட்டில் 2019 ஜூலை முதல் புதிய பயணியர் கார்களுக்குப் பின்புற எச்சரிக்கை உணரி கட்டாயமாக்கப்பட்டது. அதற்கு முன்னர் வாங்கிய பழைய வண்டிகளுக்கு நாமேதான் ஏற்பாடு செய்துகொள்ளவேண்டும்.

தேர்ந்தெடுத்தல்

முதலாவது, மின்னழுத்தம். பிக்கப் வண்டிகளின் பாட்டரி பொதுவாக 12 வோல்ட். பெரிய லாரிகளில் 24 வோல்ட். காமிராவும் திரையும் வண்டிக்கு ஏற்றவையாக இருத்தல் வேண்டும்.

இரண்டாவது, தூசியும் நீரும். ஐ.பி. 67 என்ற குறியீடு, தூசி புகாது என்பதையும், ஒரு மீட்டர் ஆழ நீரில் அரைமணி நேரம் தாங்கும் என்பதையும் குறிக்கும். கோடையிற் புழுதியும் ஐப்பசி மழையிற் சேறும் மிகுந்த நமது பாதைகளுக்கு இதற்குக் குறைந்தது ஆகாது.

மூன்றாவது, கம்பியா, கம்பியில்லாததா என்பது. கம்பியில்லாத வகையைப் பொருத்துவது எளிது. எனினும் இரும்பு உடல் கொண்ட வண்டியில் படம் தடைப்படக்கூடும். பழைய வண்டிக்குக் கம்பி வகையே நம்பத்தக்கது.

நான்காவது, படம் கண்ணாடியில் தெரிவது போல் இடவலம் மாறித் தெரியவேண்டும். முன்புறக் காமிராவை வாங்கிப் பின்புறம் பொருத்தினால் இடப்பக்கத்து ஆள் வலப்பக்கம் தோன்றுவார். இது பெருந்தீங்கு விளைவிக்கும்.

பொருத்துதல்

பிக்கப்பின் பின்கதவு கீழே மடங்குவது. அதன்மீது காமிராவைப் பொருத்தினால் கதவைத் திறந்து நீண்ட சரக்கை ஏற்றும்போது காமிரா தரையைத்தான் பார்க்கும். ஆகையால் தட்டின் அடியிலுள்ள அசையாத பின்குறுக்குச் சட்டத்தில், எண்பலகைக்கு அருகே, நடுவில் பொருத்துக. திறந்த கதவு தொங்கி அதை மறைக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்க.

வேலையைத் தொடங்குமுன் பாட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிடுக. ஆயின் அதற்கும் முன்னதாக ஒரு சோதனை உண்டு: ரிவர்ஸ் கியர் போட்டால் பின்விளக்கு எரிகிறதா? பழைய வண்டிகளில் கியர்பெட்டியிலுள்ள ரிவர்ஸ் சுவிட்ச் கெட்டிருப்பது வழக்கம். அதைச் சரிசெய்யாமல் காமிரா இயங்காது.

காமிராவின் சிவப்புக் கம்பியை ரிவர்ஸ் விளக்கின் நேர்முனைக் கம்பியுடனும், கறுப்புக் கம்பியைச் சட்டத்துடனும் இணைக்கவேண்டும். சட்டத்தில் துருவையும் வண்ணப்பூச்சையும் சுரண்டிய பின்னரே போல்ட் முடுக்கவேண்டும். படம் நடுங்குவதற்குப் பெரும்பாலும் இந்த எர்த் இணைப்பின் தளர்ச்சியே காரணம். படக்கம்பியைப் பழைய கம்பிக்கட்டின் வழியே கொண்டுசெல்க. புகைக்குழாயையும் சுழலும் தண்டையும் நெருங்கலாகாது. தகட்டுத் துளையில் ரப்பர் வளையம் இடாவிடில் தகட்டின் விளிம்பு கம்பியை அறுத்துவிடும். திரைக்குரிய மின்சாரத்தைச் சாவி திருப்பியபின் வரும் இணைப்பிலிருந்து, பியூஸ் வைத்தே எடுக்கவேண்டும். படக்கம்பியுடன் வரும் மெல்லிய சிவப்புக் கம்பியின் ஒரு முனையை ரிவர்ஸ் விளக்குக் கம்பியிலும், மறுமுனையைத் திரையின் தூண்டு கம்பியிலும் சேர்த்தால், கியர் போட்டவுடன் திரை தானே விழிக்கும். திரை முன்கண்ணாடியை மறைக்கலாகாது.

சோதித்தல்

வண்டியைக் களத்தில் நிறுத்தி, பின்னால் 10 அடிக்கு 20 அடி அளவில் சுண்ணாம்புக் கோடு இடுக. 32 அங்குல உயரமுள்ள ஒரு பொருளை, அதாவது தவழும் பருவம் கடந்த குழந்தையின் உயரத்தை, அப்பரப்பின் ஒவ்வொரு மூலையிலும் வைத்துத் திரையில் தெரிகிறதா என்று பார்க்க. அகலப் பார்வை கொண்ட காமிராவில் பொருள்கள் உண்மையிலும் தொலைவில் இருப்பன போல் தோன்றும். ஆகையால் 3, 6, 9 அடித் தொலைவுகளில் கோடிட்டு, திரையின் வண்ணக் கோடுகளை அவற்றோடு ஒப்பிட்டு ஓட்டுநர் மனத்திற் பதித்துக்கொள்ளவேண்டும்.

காமிரா கண்தான்; காவலன் அன்று. சேறு படிந்தால் அதுவும் குருடாகும். வீரசக்கதேவி ஆலயத் திருவிழாவைப் போன்று மக்கள் திரளும் நாட்களிலும், அறுவடைக் களத்திலும், வண்டிக்குப் பின்னே ஓர் ஆள் நின்று குரல் கொடுக்கும் பழைய வழக்கத்தைக் கைவிடலாகாது. ஒரு வண்டியின் தவற்றால் ஒரு குடும்பம் அழ, சங்கம் எவ்வளவு இலாபம் ஈட்டினும் பயன் யாது?

உறுப்பினர் கூட்டத்தில் ஆராய்வதற்குரிய வினாக்கள்

1. நமது சங்கத்திற்குச் சரக்கேற்றும் வண்டிகளுள் எத்தனையில் ரிவர்ஸ் விளக்கு எரிகிறது?
2. பல வண்டிகளுக்குச் சேர்த்து வாங்கினால் விலை குறையுமா? பொருத்துவோர் யார்?
3. களத்தில் வண்டி வரும் வழியையும் குழந்தைகள் இருக்கும் இடத்தையும் எவ்வாறு பிரிக்கலாம்?
4. ஒவ்வொரு காலையிலும் காமிராவைத் துடைக்கும் பொறுப்பு யாருடையது?