பேரெண் கூட்டலும் நம் மலைநாட்டுச் சிறாரும்

கணிதத்துள் எளிதானது கூட்டலே என்பது கற்றுத் தேர்ந்தோர் துணிபு. நாலாம் வகுப்புச் சிறுவன் ஒருவனிடம் சிலேட்டைக் கொடுத்து, 2861 உடன் 5639 ஐக் கூட்டுக என்று சொல்லிப் பார்ப்போர்க்கு அத்துணிபு சற்றே தளரும். அவன் விடையாக எழுதக்கூடியவற்றுள் ஒன்று 714910. இதனைக் கண்டு நகைத்தல் எளிது. சினத்தல் அதனினும் எளிது. ஆயின் அவன் செய்ததைக் கூர்ந்து நோக்குக. இரண்டும் ஐந்தும் ஏழு. எட்டும் ஆறும் பதினான்கு. ஆறும் மூன்றும் ஒன்பது. ஒன்றும் ஒன்பதும் பத்து. கூட்டலில் ஒரு பிழையுமில்லை! நான்கு கூட்டல்களையும் செம்மையாகச் செய்த பிள்ளைக்குப் பூச்சியப் புள்ளி வழங்கி, வாய்பாட்டை மீண்டும் மனனஞ் செய்க என ஏவுதல், காலில் தைத்த முள்ளுக்குக் கையிற் கட்டுப் போடுவதாகும். அவன் அறியாதது இடப்பெறுமானம் ஒன்றே.

அவ்வெண்களை வாளா தெரிந்தெடுத்தோமல்லோம். பதுளை மாவட்டத்தின் பரப்பு 2861 சதுர கிலோமீற்றர். மொனறாகலை மாவட்டத்தின் பரப்பு 5639. இவ்விரண்டுஞ் சேர்ந்ததே நம் ஊவா மாகாணம். அதன் பரப்பு 8500. தன் மாகாணத்தை ஏழு இலட்சஞ் சதுர கிலோமீற்றராக விரித்த சிறுவனை நாட்டுப்பற்று மிக்கவன் எனலாமேயன்றி, கூட்டத் தெரியாதவன் எனல் தகாது.

நம் மாகாணத்திலே இப்பாடம் வெறும் பரீட்சைப் பாடமன்று. பசறை, லுணுகலை, மடுல்சீமை, அப்புத்தளைப் பகுதித் தோட்டங்களில் நம் முன்னோர் வாழ்வு பிறர் எழுதிய எண்களுக்குள்ளேயே அடங்கிக் கிடந்தது. கங்காணி எழுதியது பற்றுக் கணக்கு. கணக்கப்பிள்ளை எழுதியது பேர்க் கணக்கு. தொழிலாளியின் கடன்தொகையைக் குறித்து, அவனைத் தோட்டம் விட்டுத் தோட்டம் மாற்ற உதவியது 'துண்டு'. துண்டு முறை 1921 இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆயினும் தன் கணக்கைத் தானே கூட்டிப் பார்க்க இயலாத நிலை பல தலைமுறைக்குத் தொடர்ந்தது. மாதமுடிவிலே தாயார் கொண்டுவரும் சம்பளச் சீட்டை விளக்கடியில் விரித்துக் கூட்டிப் பார்க்கும் பிள்ளை, வீட்டிற்கு ஆற்றும் உதவி சிறிதன்று.

நிற்க. இப்பாடம் நம்மிடையே எங்ஙனம் தளர்ந்தது என்பதையும் நோக்கல் வேண்டும். தோட்டப் பிள்ளைகட்குக் கல்வி வசதி அளித்தல் வேண்டுமென 1920 ஆம் ஆண்டின் கட்டளைச்சட்டம் தோட்ட நிருவாகத்தின் மீது கடமை சுமத்தியது. அக்கடமை பலவிடங்களில் ஒரு கொட்டகையும் ஓர் ஆசிரியருமாகவே நின்றது. அரசாங்கம் அப்பாடசாலைகளைப் பொறுப்பேற்கத் தொடங்கியது 1977 இல். ஓராசிரியரே எல்லா வகுப்புகளையும் ஒருங்கே நடத்துங்கால், ஒரு வகுப்பினர்க்குப் பாடஞ் சொல்லும்வரை மற்றையோரை அமைதியாக இருத்தக் கரும்பலகை நிறையக் கூட்டற் கணக்குகளை எழுதிப்போடுவதன்றி அவர்க்கு வேறு வழி யாது? விளக்கத்திற்கு நேரமில்லாத இடத்தில் மந்திரம் புகுந்தது. "பதின்மூன்று, மூன்றை எழுது, மனத்தில் ஒன்று" என்பதே அம்மந்திரம். அவ்வாசிரியர்களைக் குறை கூறுவது எம் கருத்தன்று. அவர்கள் இல்லையேல் அம்மந்திரமும் இல்லை.

ஆயின் மந்திரத்திற்கு ஒரு குறையுண்டு. நான்கு நாட் கொழுந்தின் நிறை 18, 19, 17, 19 கிலோ எனக் கொள்க. ஒன்றினிடத்தில் எட்டும் ஒன்பதும் ஏழும் ஒன்பதும் முப்பத்துமூன்று. 'மனத்தில் ஒன்று' என்று பழகிய பிள்ளை மூன்றை எழுதி, ஒன்றையே கொண்டுபோய், 53 என முடிக்கும். சரியான விடை 73. இருபது கிலோக் கொழுந்து மந்திரத்திலே மறைந்துபோயிற்று! மனத்திற் கொள்வது 'ஒன்று' அன்று, 'பத்து' எனும் கட்டு. எத்தனை கட்டு விழுந்ததோ அத்தனையும் அடுத்த இடத்திற்குப் போதல் வேண்டும் என்பதைக் கண்ணாற் கண்ட பிள்ளை இப்பிழையைச் செய்யாது.

காட்டுவதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டாம். கவ்வாத்து முடிந்த மலையில் குச்சிகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றை ஒரே அளவாக நறுக்கி, பத்துப் பத்தாக நாரினாற் கட்டி, பத்துக் கட்டுகளை ஒரு பெருங்கட்டாக்குக. நூறு வரை குச்சி போதும். ஆயிரத்திற்கு மேல் குச்சி கொண்டு கற்பிக்க முயல்வோர் விறகுக்கடையே வைக்க நேரும். ஆதலின் அங்கே 1, 10, 100, 1000 எனக் குறித்த தாட்துண்டுகளுக்கு மாறுக. பத்து நூற்றுத் தாளைத் தந்து ஓர் ஆயிரத் தாளைப் பெறுதல் கடைவீதியைக் கண்ட எப்பிள்ளைக்கும் விளங்கும். இம்மாற்றைத் தன் கையாற் செய்தபின்னரே எழுத்துக் கணக்கிற்குப் போதல் நன்று.

நம் பழைய மாணவருள் மூத்தோர் இறாத்தலிற் கணக்குச் செய்தவர்கள். அவுன்சு பதினாறானால் ஓர் இறாத்தல். இறாத்தல் நூற்றுப்பன்னிரண்டானால் ஓர் அந்தர். அதற்கும் முன்னே திண்ணைப் பள்ளியில் நெல்லிலக்கம் படித்த சிறார், நாழி எட்டானாற் குறுணி, குறுணி பன்னிரண்டானாற் கலம் எனக் கட்டு மாற்றினர். இன்றைய பிள்ளைக்கு எங்கும் பத்தே எல்லை. அவன் சுமை குறைந்தது உண்மை. ஆனால் எல்லை எங்கும் ஒன்றாயிருப்பதால், எல்லை ஒன்று உண்டென்பதே அவன் கண்ணிற் படுவதில்லை.

இவ்விடத்திலே நம் பழந்தமிழ் எண்முறை ஓர் அரிய துணை. 2861 ஐ நம் முன்னோர் ௨௲௮௱௬௰௧ என எழுதினர். 5639 ஐ ௫௲௬௱௩௰௯ என எழுதினர். ஆயிரத்திற்கும் நூற்றுக்கும் பத்துக்கும் தனிக் குறிகள் நிற்பதால், இவ்வெழுத்தில் இடம் ஒளிந்திருப்பதில்லை. கூட்டினால் ௮௲௫௱. பூச்சியம் ஒன்றும் வேண்டியதில்லை. அதே விடையை 8500 என எழுதும்போது, பத்தும் ஒன்றும் வெறுமையென அறிவிக்க இரண்டு பூச்சியம் வேண்டியிருக்கின்றது. இரண்டையும் அருகருகே எழுதிக் காட்டினால், பூச்சியம் என்ன வேலை செய்கின்றது என்று பிள்ளையே கூறும், நாம் கூறவேண்டியதில்லை.

தமிழ்ச்சொல்லும் பெரும்பாலும் இடத்தைச் சொல்லியே செல்கின்றது: இரண்டாயிரத்து எண்ணூற்று அறுபத்தொன்று. எனினும் ஓரிடத்தில் அது சிறாரை மயக்கும். தொண்ணூறு என்பதில் நூறு ஒலிக்கின்றது. தொள்ளாயிரம் என்பதில் ஆயிரம் ஒலிக்கின்றது. இவற்றின் புணர்ச்சிக்குத் தொல்காப்பியமும் நன்னூலும் விதி கூறும். எட்டு வயதுப் பிள்ளை அவ்விதியை எங்ஙனம் அறியும்? 'ஏழாயிரத்துத் தொள்ளாயிரத்தெட்டு' எனச் சொல்வதெழுதச் சொன்னால், ஆயிரம் இருமுறை கேட்ட குழந்தை திகைக்கின்றது. 7908 என எழுதாது வேறேதோ எழுதிவிட்டுப் பின் கூட்டலைச் சரியாகச் செய்தாலும் பயனென்ன? ஒன்பது வரும் எண்களைத் தனியே எடுத்துப் பலகாற் பயிற்றல் வேண்டும். பாடநூல்கள் இதனைப் பெரிதுபடுத்துவதில்லை.

இனி இலட்சத்திற்கு வருவோம். 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி பதுளை மாவட்டத்தில் 815,405 பேரும் மொனறாகலை மாவட்டத்தில் 451,058 பேரும் வாழ்ந்தனர். கூட்டினால் ஊவாவின் குடிசனம் 1,266,463. இங்கே வாயும் கையும் முரண்படுகின்றன. வாய் 'பன்னிரண்டு இலட்சத்து அறுபத்தாறாயிரம்' என்கின்றது. காற்புள்ளியோ மும்மூன்றாகப் பிரித்து மில்லியனைக் காட்டுகின்றது. கூட்டும்போது காற்புள்ளியே இடாது, கட்டம் வரைந்த தாளில் இலட்சம், பதினாயிரம், ஆயிரம், நூறு, பத்து, ஒன்று எனத் தலைப்பிட்டு எழுதுவித்து, விடை வந்தபின் காற்புள்ளி இடச் செய்தல் எம் அனுபவத்திற் சிறந்தது. கட்டந் தாள், இலக்கங்களை இடப்பக்கம் நேராக நிறுத்திக் கூட்டும் பிழையையும் தடுக்கும்.

இறுதியாகச் சரிபார்த்தல். மேலிருந்து கூட்டியதைக் கீழிருந்து மீண்டுங் கூட்டுதல் பழைய வழி. இன்றும் நல்ல வழி. ஒன்பதை நீக்கிச் சரிபார்க்கும் முறையை மூத்தோர் பலர் விரும்புவர். 2861 இன் இலக்கங்கள் சேர்ந்து 17. மேலுஞ் சேர்த்தால் 8. 5639 இன் இலக்கங்கள் 23, அதாவது 5. எட்டும் ஐந்தும் 13, அதாவது 4. விடையாகிய 8500 இன் இலக்கங்களும் 13, அதாவது 4. பொருந்துகின்றது. ஆனால் நம் சிறுவன் எழுதிய 714910 ஐயும் அவ்வாறே சோதிக்குக: 7, 1, 4, 9, 1, 0 சேர்ந்து 22, அதாவது 4. அதுவும் பொருந்துகின்றது! இலக்கம் எந்த இடத்தில் நிற்கின்றது என்பதை இச்சோதனை காணாது. ஆதலின் கணக்கைத் தொடங்குமுன்பே, மூவாயிரத்திற்குச் சற்றுக் குறைந்ததும் ஐயாயிரத்தைச் சற்றே கடந்ததும் சேர்ந்தால் ஏறக்குறைய எவ்வளவு என்று கேட்டு, 'எண்ணாயிரத்தை ஒட்டி வரும்' என்ற மறுமொழியைச் சிலேட்டின் மூலையில் எழுதுவித்து, அதன்பின் கூட்டச் சொல்லுக.