முதலில் அவங்க பேசட்டும்

பேராக்கின் ரப்பர் தோட்டங்களில் விடியுமுன்னே பெரட்டு நடக்கும். குளிர்ச்சி இருக்கும்போதுதான் பால் நன்றாக வடியும் என்பதால், இருட்டிலேயே லயத்தை விட்டு வந்து வரிசையில் நின்றாக வேண்டும். கிராணி பெயர் வாசிப்பார். ஐம்பது வயதுக்காரரையும் 'நீ', 'வாடா', 'போடா' என்றுதான் மண்டோர் விரட்டுவார். துரைக்கு எல்லோருமே கூலிகள். சுங்கை சிப்புட், கோலகங்சார் பக்கம் அந்த வரிசையில் நின்றவர்கள் இன்று எண்பதைத் தொட்டுவிட்டார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனைக் காடாகவும் தாமான்களாகவும் மாறிய பிறகு, பிள்ளைகளோடு ஈப்போவுக்கு வந்து சேர்ந்தவர்கள் அவர்களில் நிறையப் பேர்.

அவர்களிடம் பேசுகிறவர்கள் இந்தப் பழைய கதையைக் கொஞ்சம் தெரிந்துவைத்திருப்பது நல்லது. வீட்டில் பேரன் "பாட்டி, நீ சாப்பிட்டியா?" என்று கேட்பது உரிமை. அதில் குறையே இல்லை. திடீரென்று 'நீங்க' என்றால்தான் பாட்டிக்கு ஒட்டாது. அதே 'நீ' ஒரு கவுண்டருக்குப் பின்னாலிருந்து, முன்பின் தெரியாத இருபத்தைந்து வயதுப் பிள்ளையின் வாயிலிருந்து வந்தால், அவர் காதில் விழுவது மண்டோரின் குரல். வெளியார் எவரும் 'வாங்க', 'உட்காருங்க' என்றே தொடங்க வேண்டும். எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாவிட்டால் கேட்டுவிடலாம். அறுபத்தைந்து வயது அம்மாவுக்கு 'ஆண்டி' பிடிக்கும், 'பாட்டி' பிடிக்காது; இன்னொருவருக்கு நேர்மாறாக இருக்கும்.

நான் பார்த்தவரையில், மரியாதை அதிகம் நழுவுவது டாக்டரின் அறையில்தான். டாக்டர் மலாயில் 'மாச்சிக்' என்று பணிவாகத்தான் ஆரம்பிக்கிறார். பாட்டிக்குத் தோட்டத்து மலாய் வரும். அவர் வார்த்தையைக் கூட்டி வாயைத் திறப்பதற்குள், கூட வந்த மகனோ பேத்தியோ ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொல்லி முடித்திருப்பார்கள். பாட்டி மடியிலிருக்கும் மருந்துப் பையின் காதைத் திருகிக்கொண்டிருப்பார். வெளியே வந்ததும் மருந்து வாங்கும் வரிசையில் பக்கத்தில் நிற்பவரிடம் பேச்சு தொடரும்: "அதுக்குக் காது கேக்காது. மருந்தும் ஒழுங்கா சாப்பிடாது."

இந்த 'அது' பாசத்தில் வருவதுதான், சந்தேகமில்லை. ஆனாலும் அவர் அருகில் நிற்கும்போது அதை விட்டுவிட வேண்டும். 'அவங்களுக்கு' என்று சொல்ல ஒரு நொடிகூடக் கூடுதலாக ஆகாது. மொழிபெயர்க்க உட்காருகிறவர் டாக்டர் கேட்டதை முழுவதும் தமிழில் சொல்லி, பாட்டியின் பதிலுக்குக் காத்திருந்து, அதை அப்படியே டாக்டரிடம் சேர்க்க வேண்டும். இது மரியாதைக்காக மட்டுமல்ல. இராத்திரி எழுந்து எழுந்து பாத்ரூம் போக முடியாமல் நீர் மாத்திரையை அவரே நிறுத்தியிருக்கலாம். அவரைக் கேட்டால்தான் அது வெளியே வரும். டாக்டரும் மாத்திரை நேரத்தை மாற்றித் தர முடியும்.

குழந்தையிடம் பேசுவது போன்ற கொஞ்சலும் வேண்டாம். "சமத்து, ஆ காட்டு" என்பதை அன்பென்று நினைத்துச் செய்கிறோம். 2009இல் அமெரிக்காவின் கன்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டின் வில்லியம்ஸ் குழுவினர், முதியோர் இல்லங்களில் மறதி நோய் உள்ளவர்களைக் கவனித்தார்கள். தாதியர் இப்படிக் கொஞ்சிப் பேசியபோது, குளிக்கவோ உடை மாற்றவோ அந்த முதியவர்கள் மறுப்பது கூடியது. பெரியவர்களிடம் பேசுவதுபோல் பேசியபோது குறைந்தது. நினைவு மங்கியவருக்கும் தன்னை எப்படி நடத்துகிறார்கள் என்பது புரிகிறது.

காது மந்தமானவரிடம் கத்துவதும் உதவாது. வயதானால் முதலில் போவது உச்ச ஸ்தாயி ஒலிகள். கத்தும்போது குரல் அந்த உச்சத்துக்கே ஏறுகிறது. டிவியை அணைத்துவிட்டு, முகம் தெரிய எதிரே உட்கார்ந்து, தாழ்ந்த குரலில் நிதானமாகப் பேசினால் போதும்.

அவர்களைப் பற்றிப் பிறரிடம் பேசும் பேச்சும் மாற வேண்டும். "பாவம், படிக்காதவங்க, ஒண்ணும் தெரியாது" என்பது நம் வீடுகளில் சகஜமாக வருகிறது. யாரைச் சொல்கிறோம்? 1942-43இல் சயாம் ரயில் பாதை போட ஜப்பானியர் கொண்டுபோன தகப்பன் திரும்பி வராமல் வளர்ந்த பிள்ளைகள் இவர்களில் உண்டு. அவசரகாலத்தில், முள்வேலிக்குள் அடைத்த லயங்களில் சிறுவயதைக் கழித்தவர்கள் உண்டு. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, துண்டாடி விற்கப்பட்ட தோட்டங்களைத் தொழிலாளர்களே வாங்குவதற்காகப் பால் வெட்டிய கூலியிலிருந்து பணம் கட்டியவர்கள் உண்டு. இவர்களை "ஒண்ணும் தெரியாதவங்க" என்பது பொய்.

கோலகங்சாரில் 1877இல் நட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று இன்றும் மரமாக நிற்கிறது. அதற்கு வேலி போட்டு, பலகை வைத்துப் பாதுகாக்கிறார்கள். அந்த மரத்தின் வம்சத்தில் உளி பிடித்த கைகள் நம் வீட்டு ஹாலில் இருக்கின்றன. ஒரு நாளைக்கு எத்தனை மரம் வெட்டினீங்க, ஒட்டுப்பாலை என்ன செய்வீங்க, ஆயாக்கொட்டகையில் யார் பிள்ளை பார்த்தாங்க என்று கேட்டுப் பாருங்கள். பதில் சரளமாக வரும்.

அடுத்த முறை பாட்டியையோ தாத்தாவையோ கிளினிக்குக் கூட்டிப் போகும்போது, டாக்டருக்கு நேர் எதிர் நாற்காலியில் அவரை உட்கார வையுங்கள். நீங்கள் பக்கத்து நாற்காலியில் உட்காருங்கள். முதல் கேள்விக்கு அவரே பதில் சொல்லட்டும்.