புள்ளி இல்லாத பென்னி

அன்புள்ள தம்பி,

"என் 1920 பென்னியில் புள்ளி எங்கேயும் இல்லை, ஆகவே இது அரிய வகை" என்று எழுதியிருக்கிறாய். அது அரியதாகவே இருக்கலாம், நான் மறுக்கவில்லை. நீ அந்த முடிவுக்கு வந்த வழிதான் எனக்குப் பொறுக்கவில்லை. லென்ஸில் தென்படும் வேறுபாட்டுக்கெல்லாம் ‘வகை’ என்று பெயர் சூட்டும் பழக்கம் சேகரிப்பவர்களிடம் பெருகிக்கொண்டே போகிறது. நீயும் அதில் சிக்கிவிடக் கூடாது என்றுதான் இந்த நீண்ட கடிதம்.

பழைய ஆஸ்திரேலியச் செப்புக் காசில் ஒரு வேறுபாடு மூன்று கட்டங்களில் உண்டாகலாம்: அச்சை உருவாக்கும்போது, அந்த அச்சால் அடிக்கும்போது, அடித்த காசு கைமாறித் தேயும்போது. முதல் கட்டத்தில் நேர்ந்ததுதான் வகை. மற்ற இரண்டும் அந்த ஒரு காசின் கதை. இதற்கு உரைகல் ஒன்றே: அதே அச்சிலிருந்து வந்த இன்னொரு காசிலும் அதே இடத்தில் அதே வேறுபாடு இருக்க வேண்டும். 1933ஆம் ஆண்டுப் பென்னிகள் சிலவற்றில் கடைசி 3க்கு அடியில் பழைய 2 தெரிகிறது. 1931இல் சில பென்னிகளின் கடைசி 1 மற்ற இலக்கங்களைவிடக் கீழே இறங்கி நிற்கிறது. இவை இரண்டும் அச்சிலேயே இருந்தவை. காசுக்குக் காசு மாறாதவை. வகை என்றால் இதுதான்.

உன் புள்ளிக்கு வருகிறேன். 1919இலும் 1920இலும் பின்பக்கத்துச் சுருள் கோட்டை ஒட்டிச் சிறு புள்ளிகள் வருகின்றன. கீழ்ச் சுருளுக்குக் கீழே உள்ள புள்ளி மெல்போர்ன் நாணயச்சாலைக்கும், அதற்கு மேலே உள்ள புள்ளி சிட்னி நாணயச்சாலைக்கும் உரியவை என்பது பட்டியல் நூல்கள் ஏற்றுக்கொண்ட கருத்து. புள்ளியே இல்லாத அச்சுகளும் இருந்தன. இதுவரை நீ படித்தது சரி. ஆனால் காசில் மேடாக இருக்கும் புள்ளி, அச்சில் ஒரு சிறு குழி. எண்ணெயும் உலோகத் தூளும் சேர்ந்தால் முதலில் அடைபடுவது அந்தச் சின்னக் குழிதான். அடைபட்ட அச்சு அடித்த காசில் புள்ளி வராது. வந்திருந்தாலும் புழக்கத்தில் தேய்ந்து போயிருக்கலாம். ஆகவே புள்ளி இருப்பது வலுவான சான்று, இல்லாதது நலிந்த சான்று. இரண்டையும் ஒரே தராசில் வைக்காதே. ‘இருப்பதும் ஏமாற்றலாமே, அச்சில் சில்லு பெயர்ந்தால் காசில் புள்ளி போல ஒரு மேடு எழுமே’ என்று நீ திருப்பிக் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அப்படி எழும் மேடு வட்டமாகவோ, எதிர்பார்த்த இடத்திலோ அமைவது அரிது. வடிவையும் இடத்தையும் பார்த்தால் பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

இல்லாமையை மட்டும் நம்ப முடியாதபோது, அடைபட முடியாத உறுப்புகளிடம் சாட்சி கேள். முகப்பைத் திருப்பு. அரசர் ஐந்தாம் ஜார்ஜைச் சுற்றியுள்ள லத்தீன் எழுத்துகளில் ஓ, எம், என் மூன்றும் சேர்ந்து நிற்கும் இடத்தைப் பார். அந்த ‘என்’ எழுத்தின் கடைசி நேர்கோடு ஓர மணிவரிசையின் ஒரு மணிக்கு நேராக நின்றால் அது லண்டன் வழி அச்சு; இரண்டு மணிகளுக்கு நடுவே நின்றால் இந்திய அச்சு, அதாவது கல்கத்தா வழிவந்தது. பின்பக்க எழுத்துகளின் அடி தட்டையா வளைவா என்பதும் அச்சுக்கு அச்சு மாறும். தேய்ந்த காசிலும் இவை பிழைத்திருக்கும். தனியாக எதுவும் தீர்ப்புச் சொல்லாது; சேர்ந்து தேடலைக் குறுக்கும்.

ஆஸ்திரேலியக் காசுக்கு இந்திய அச்சு எப்படி வந்தது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் இந்தக் காசுகளைச் சேகரிப்பது வீண். 1911 முதல் லண்டனிலும் பர்மிங்காமின் ஹீட்டன் ஆலையிலும் அடித்துவந்த செப்புக் காசை, முதல் உலகப் போர் நடந்தபோது, 1916 முதல் 1918 வரை, கல்கத்தா நாணயச்சாலை அடித்துக் கொடுத்தது. நம் முன்னோர் மடியில் முடிந்துவைத்த காலணாவும் அங்கே பிறந்ததுதான். காலணாவின் குறுக்களவு 25.4 மில்லிமீட்டர், ஆஸ்திரேலிய அரைப் பென்னியின் குறுக்களவு 25.5. இரண்டிலும் முடிசூடிய அதே அரசர். 1916இல் யாரோ ஒரு தொழிலாளி காலணாவின் முகப்பு அச்சை அரைப் பென்னியின் பின்பக்க அச்சோடு பொருத்திவிட்டார். பல பத்தாண்டுகள் அது எவர் கண்ணிலும் படவில்லை. இன்று அறியப்பட்டவை மிகச் சில. கண்ணில் படாததற்குக் காரணம், எல்லோரும் ஆண்டையும் மதிப்பையும் படித்துவிட்டுக் காசை வைத்துவிட்டதுதான். முகப்பை வாசித்திருந்தால் லத்தீன் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கிலம் இருப்பது உடனே புலப்பட்டிருக்கும். அரசரின் அங்கியில் தொங்கும் மாலையைப் பார்த்திருந்தால் அதில் யானை தெரிந்திருக்கும். அந்த யானைக்கே ஒரு வரலாறு உண்டு. 1911 இந்தியக் காசுகளில் தும்பிக்கை குட்டையாகிப் பன்றி போலத் தோன்றியதால் மக்கள் முகம் சுளித்தார்கள். 1912இல் அதை மாற்றி வெட்டினார்கள். அச்சு வெட்டுபவர் கை ஒரு நூலிழை பிசகியது அத்தனை பேர் மனத்தைத் தொட்டது. இந்தக் கலப்புக் காசு வகைதானா என்றால், ஆம். இரண்டு அச்சும் தனித்தனியே சரியானவை. ஆனால் அந்தச் சேர்க்கையில் விழுந்த ஒவ்வொரு காசும் ஒன்றுபோலவே இருக்கும். என் உரைகல்லில் அது தேறுகிறது.

ஆண்டை மட்டும் படித்தால் போதாது என்பதையே புகழ்பெற்ற 1930 பென்னியும் சொல்கிறது. மெல்போர்னில் அடித்தது, ஏறத்தாழ 1,500 இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். அதன் விலைக்காக மற்ற ஆண்டுக் காசுகளின் ஓர் இலக்கத்தைச் சுரண்டி 1930 ஆக்கும் மோசடி பழையது. இலக்கத்தை மாற்றலாம், எழுத்துக்கும் மணிக்கும் உள்ள உறவை மாற்ற முடியுமா? ஆண்டை மட்டும் பார்த்துப் பணத்தை நீட்டுபவர்கள்தான் இதில் ஏமாறுகிறார்கள்.

அச்சில் விழுந்த வெடிப்பும் அடுத்தடுத்த காசுகளில் தொடருமே, அதுவும் வகைதானா என்று கேட்பாய். இல்லை. வெடிப்பு அச்சின் வயதைக் காட்டுகிறது. நாளுக்கு நாள் வளர்கிறது. அதை வகை என்றால் ஒவ்வொரு நாளும் ஒரு வகை பிறக்கும். ஆனால் சான்றாக அதற்குப் பெருமதிப்பு உண்டு. அரிய 1923 அரைப் பென்னிகள் பலவற்றில் வெடிப்புக் கோடு தெரிகிறது. உண்மைக் காசை அடையாளம் காண அது துணை. விலை அதிகம் கொடுக்கிறார்களே, அப்போது வகையாகத்தானே இருக்க வேண்டும் என்ற வாதத்தை மட்டும் என்னிடம் கொண்டுவராதே. 1925 பென்னிக்கும் 1946 பென்னிக்கும் விலை கூடுதல்தான். அது குறைவாக அடித்ததற்கான விலை, வகைக்கு உரியதல்ல.

இன்னொன்று. அந்தக் காசைப் புளி போட்டு விளக்கிப் பளபளப்பாக்கியதாக எழுதியிருக்கிறாய். இனி ஒருபோதும் அதைச் செய்யாதே! 97 விழுக்காடு செம்புள்ள காசில் புளி முதலில் தின்பது மேல்தோலை. நாம் இவ்வளவு நேரம் பேசிய புள்ளியும் மணியும் அந்தத் தோலில்தான் இருக்கின்றன. களிம்பு இருந்தால் இருக்கட்டும், நீரில் ஊறவைத்து மெல்லத் துடைப்பதோடு நிறுத்து.

வெளிச்சத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து, கீழ்ச் சுருளின் மேலும் கீழும் ஒரு படம், ‘என்’ எழுத்தும் அதன் மேலுள்ள மணிகளும் தெரிய ஒரு படம் எடுத்து அனுப்பு. இன்னொரு 1920 கிடைத்தால் அதையும் பக்கத்தில் வைத்து எடு.

அன்புடன்,
உன் ஆசிரியர்