ஏஐ ஏஜென்ட்டுக்குக் கருவிக் குறிப்பு எழுதும்போது

தரவுக் கிடங்கில் தேடும் கருவியை ஏஐ ஏஜென்ட்டிடம் கொடுக்கும்போது, அதன் விளக்கக் குறிப்பில்தான் அதிகக் கவனம் தேவை. கருவியின் பெயர், விளக்கம், உள்ளீடுகள் ஆகியவற்றைப் படித்தே ஏஜென்ட் அதை எப்போது, எப்படிக் கூப்பிடுவது என்று முடிவு செய்கிறது. ‘தொகை’ நெடுவரிசையில் 49900 என்றிருந்தால் அது ரூபாயா, பைசாவா? பைசா என்று எழுதாவிட்டால் 499 ரூபாய் விற்பனை நூறு மடங்காகத் தெரியும். நேரம் யூடிசியில் பதிவானால், இந்தியாவில் ஏப்ரல் 1 அதிகாலை 2 மணிக்கு வந்த ஆர்டர் மார்ச் 31இல், முந்தைய நிதியாண்டுக் கணக்கில் விழும். பிழைச் செய்தி வராததால் இத்தவறுகள் கண்ணில் படுவதும் அரிது.

மாடலே புத்திசாலியாயிற்றே, நெடுவரிசைப் பெயர்கள் போதாதா என்று கேட்கலாம். டேபிளின் அமைப்பு, எண்ணா எழுத்தா என்று சொல்லும்; அலகையும் பொருளையும் நீங்கள்தான் சொல்ல வேண்டும். நீண்ட குறிப்பு டோக்கன் செலவைக் கூட்டும் என்பது நியாயமான கவலை. ஆகவே கருவி எதற்கு உதவும், எதற்கு உதவாது, ஒரு முறைக்கு எத்தனை வரிசை வரும், விடை காலியாக வந்தால் என்ன பொருள் என்பவற்றோடு ஒரு மாதிரிக் கேள்வியை மட்டும் முதலில் வையுங்கள். டேபிள்களின் விவரத்தை ஏஜென்ட் கேட்கும்போது கிடைக்கச் செய்யுங்கள். பிறகு, விடை தெரிந்த பத்துக் கேள்விகளைக் கொடுத்துப் பாருங்கள். அது தடுமாறும் இடமே குறிப்பைத் திருத்த வேண்டிய இடம்.