தலைகீழாக வரும் மெசேஜ்: அது எப்படி?



குழு வாட்ஸ்அப்பில் சில நேரம் ஆங்கில வாழ்த்து ஒன்று தலைகீழாக வந்து நிற்கும். செல்போனைத் திருப்பிப் பிடித்தால்தான் படிக்க முடியும். "போன் ரிப்பேராயிடுச்சா?" என்று நம்மில் பலர் கேட்கிறோம். போனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

நாம் அனுப்பும் மெசேஜில் எழுத்தின் உருவம் போவதில்லை, அதன் எண்தான் போகிறது. குழுவில் நமக்கு வரிசை எண் இருப்பதுபோல, உலகத்து எழுத்துகளுக்கு யூனிகோடு என்ற ஏற்பாட்டில் எண் கொடுத்திருக்கிறார்கள். அதன் முதல் பதிப்பு 1991-ல் வந்தது. நம்ம 'அ'வுக்கு எண் 2949. ஆங்கிலச் சின்ன 'ஏ'வுக்கு 97. எண்ணை வாங்கிக்கொண்டு எதிர்ப்பக்கத்துப் போன் எழுத்தைக் காட்டுகிறது.

அப்போ தலைகீழ் எப்படி வருது? கவிழ்ந்த மாதிரி தெரிகிற வேறு எழுத்தைத் தேடிப் போடுகிறார்கள், அவ்வளவுதான். சின்ன 'என்' கவிழ்ந்தால் 'யூ' மாதிரி இருக்கும். 'ஏ'வுக்கு அப்படி ஜோடி இல்லை. ஆனால் 592 என்ற எண்ணில் கவிழ்ந்த 'ஏ' ஒன்று இருக்கிறது. இது விளையாட்டுக்காக வந்ததல்ல. மொழிகளின் உச்சரிப்பை எழுதிக்காட்ட 1886-ல் பாரிஸில் ஆசிரியர்கள் ஒரு சங்கம் தொடங்கினார்கள். அது ஈய அச்சுக் காலம். புது எழுத்து வார்ப்பது செலவு. அதனால் பல ஒலிகளுக்கு, இருக்கிற அச்சையே கவிழ்த்து வைத்துப் புது எழுத்தாக்கிக்கொண்டார்கள். சிக்கனம் நமக்குத் தெரிந்த வித்தைதானே!

இணையத்தில் இதற்கென்றே பக்கங்கள் உண்டு. ஆங்கிலத்தில் டைப் செய்தால் கவிழ்த்துத் தரும். அதைக் காப்பி பண்ணி மெசேஜில் ஒட்டலாம். கையால் செய்வதானால் கடைசி எழுத்தை முதலில் போட வேண்டும். தமிழுக்கு இது ஆகாது. நம் எழுத்துகளுக்குக் கவிழ்ந்த ஜோடி யூனிகோடில் இல்லை.

பிறந்தநாள் வாழ்த்துக்கு இது சரி. கணக்குக்கு வேண்டாம். 600 ரூபாய் தவணையைக் கவிழ்த்தால் 009 என்று போகும். பார்வையற்ற உறுப்பினருக்குப் போன் படித்துச் சொல்லும்போதும் வார்த்தை வராது. போன் எண்ணைப் பார்த்துப் படிக்கிறது, உருவத்தைப் பார்த்து அல்ல.

இதே வித்தையை ஏமாற்றுக்காரர்களும் செய்கிறார்கள். ரஷ்ய மொழியிலும் ஒரு சின்ன 'ஏ' இருக்கிறது. பார்க்க ஆங்கில 'ஏ' மாதிரியே இருக்கும், ஆனால் எண் 1072. வங்கியின் இணைய முகவரியில் ஒரே ஒரு எழுத்தை இப்படி மாற்றினால் அது வேறு முகவரி. 2017-ல் ஒரு ஆராய்ச்சியாளர், ஆப்பிள் கம்பெனியின் முகவரி போலவே தெரியும் ஒன்றை முழுக்க இப்படிப்பட்ட எழுத்துகளாலேயே உருவாக்கிக் காட்டினார். கண்ணால் பார்த்து வித்தியாசம் சொல்ல முடியவில்லை. பிறகுதான் கூகுள் குரோமில் அதைச் சரிசெய்தார்கள்.

படித்தவர்கள் கண்ணுக்கே தெரியாதபோது, "நல்லாப் பாத்துட்டுத் தொடுங்க" என்று உங்களிடம் சொல்லிப் பயனில்லை. கடன் தள்ளுபடி, மானியம், கேஒய்சி என்று எது சொல்லி வந்தாலும் மெசேஜில் உள்ள லிங்க்கைத் தொடவே வேண்டாம். பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு கிளைக்கே போய்க் கேளுங்கள். ஏற்கெனவே தொட்டுப் பணம் போயிருந்தால், அடுத்த குழுக் கூட்டம்வரை காத்திருக்காமல் அப்போதே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள், வங்கிக்கும் சொல்லிவிடுங்கள்.