வாதாபிக்கு இரண்டு நாள்

முதலாம் நரசிம்மவர்ம பல்லவன் 642இல் வாதாபியை வென்றான் என்று சரித்திரப் பாடத்தில் படித்திருக்கிறோம். அந்த வாதாபிதான் கர்நாடக மாநிலத்திலுள்ள இன்றைய பாதாமி. அங்கே செல்ல நமக்கு இரண்டே நாட்கள்தான் கிடைக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். எதை முதலில் காண்பது?

நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். கோடையில் செம்பாறைகள் அனலாய்க் கொதிக்கும். பாதாமியிலேயே தங்கி, முதல் நாள் காலையில் குகைக் கோயில்களுக்கு ஏறுவோம். நான்கு குகைகளில் மூன்றாவதே பெரியது. 578ஆம் ஆண்டுக் கல்வெட்டும் அங்கே உண்டு. (தின்பண்டம் கையில் இருந்தால் குரங்குகள் விடமாட்டா!) மாலையில் அகத்தியர் ஏரிக்கரையிலுள்ள பூதநாதர் கோயிலில் அமர்ந்தால், சாயும் வெயிலில் எதிர்ப்பாறைகள் நிறம் மாறுவதைக் காணலாம்.

மறுநாள் விடியலிலேயே, சற்றுத் தொலைவிலுள்ள ஐஹொளேக்குப் புறப்படுவோம். நேரமில்லை என்று இதை விட்டுவிடுதல் கூடாது. இங்குள்ள மேகுட்டிக் குன்றின் கோயிலில் 634ஆம் ஆண்டுக் கல்வெட்டு இருக்கிறது. பல்லவ மன்னனைக் காஞ்சி மதிலுக்குள் பதுங்கச் செய்தவன் என்று இரண்டாம் புலிகேசியை அது புகழ்கிறது. எட்டே ஆண்டுகளில் அவன் தலைநகரையே பல்லவர் பிடித்தனர்!

திரும்பும் வழியில் பட்டதகல். சாளுக்கியர் காஞ்சியை வென்றதன் நினைவாக அரசி லோகமகாதேவி எழுப்பிய விரூபாட்சர் கோயிலை இங்கே நிதானமாகப் பார்க்க வேண்டும். அவள் கணவன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சிக் கைலாசநாதர் கோயிலின் செல்வத்தைக் கவராமல் திருப்பித் தந்தான். அதைக் கூறும் அவனது கல்வெட்டு அக்கோயிலிலேயே உள்ளது. அதையும் காண வேண்டுமானால் காஞ்சிக்குத் தனியே ஒரு நாள் ஒதுக்க வேண்டும்.